கூம்பும் ரவையும்: செங்கல்பட்டில் கருமருந்தின் கதை

துப்பாக்கி என்றதும் நம்மவர்களுக்குப் பாளையக்காரர் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் 1911இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டது. அதாவது வீரம். குண்டின் எடை, வடிவம், மருந்தின் அளவு எல்லாம் வரலாற்றுக்குச் சம்பந்தமில்லாத இரும்புக் கடைச் சமாச்சாரம். ஆனால் எந்த உடலுக்காக ஒரு குண்டு வார்க்கப்பட்டது என்பதை அதன் வடிவமே சொல்லிவிடுகிறது.

கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். பித்தளைத் தோட்டா பரவாத காலம். சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைப் போட்டு (முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும்), மேலே ஈயக் குண்டை வைத்து நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கம் கேப்பு. உருண்டைக் குண்டு சுமார் 5 கிராம். கூம்புக் குண்டு 8, 9 கிராம். அறையின் ஆழமோ மாறாது. நீளமான கூம்பு உள்ளே இடத்தை அடைத்துக்கொள்ள, மருந்து குறையும், வேகமும் குறையும். கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால் குறி தவறும். ஆனாலும் கனத்தின் பலத்தில் சதைக்குள் ஆழமாய்ப் போகும். இலக்குப் பலகைக்கு உருண்டை போதுமே! கூம்பு, எதிரே ஓடிவருகிற ஆளைச் சாய்ப்பதற்கு. பழைய ரிவால்வர்களின் நகல்களை வைத்துச் சுடும் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள் இன்றும் இதைத்தான் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1857 பற்றிப் பேசும்போது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்பதோடு நின்றுவிடுகிறோம். அந்த என்ஃபீல்டு காகிதத்துக்குள் இருந்ததும் கூம்புக் குண்டுதான். கிளர்ச்சி அடங்கியபின் யார் கையில் எது இருக்கலாம் என்று அரசு பிரிக்கத் தொடங்கியது. விசுவாசம் காட்டியதாகக் குடகர்களுக்கு 1861இல் உரிமம் இல்லாமலே ஆயுதம் வைத்துக்கொள்ள விலக்கு. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியர்களுக்கு அது வேண்டியதில்லை.

செங்கல்பட்டில் இந்தக் கதை இன்னும் முந்தியது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். கூலி கணக்கு பார்த்த குடியானவர் அறிவு அது. இன்றைய சரணாலயப் பலகைகளில் அது 'இயற்கை நேசம்' ஆகிவிட்டது. சுட்டவன் யார் என்பது மெல்ல மங்கிவிட்டது.

பிறகு பறவை சுடுகிறவர் என்றாலே நரிக்குறவர் என்று ஆயிற்று. அவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேசும் வாக்ரிபோலி இந்தோ ஆரிய மொழி. குறவர்களோடு உறவில்லை. ஆனால் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் குறவர் பிரிவுகள் சிக்கியபோது, அந்தப் பெயரின் கறை இவர்கள் மேலும் படிந்தது. இவர்கள் கையிலிருந்தது நாட்டுத் துப்பாக்கி: குழல் வாய் வழியாக மருந்து, தக்கை, ரவை என்று கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி போட்டு அடுத்ததற்குக் கெட்டிப்பதற்குள் மிச்சக் கொக்கெல்லாம் அடுத்த ஏரிக்குப் போயிருக்கும். இதையா அரசு கண்டு பயந்தது? பயந்தது துப்பாக்கியைக் கண்டு அல்ல, நிலமில்லாமல் நடந்துகொண்டே இருக்கிற உடலைக் கண்டு.

விடுதலைக்குப் பிறகான 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்போடு சேர்த்துப் பேசுகிறது. பயிர் இருப்பவனுக்குச் சரி, பயிரே இல்லாதவன்? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நரியும் போச்சு, கொக்கும் போச்சு. மிஞ்சியது பாசிமணி. மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் நரிக்குறவர் அந்த மணி விற்பவர்தான். துப்பாக்கி சினிமா வேஷத்தில் மட்டும்.

2021இல் அங்கே கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவப் பெண் விரட்டப்பட்டார். அவர் காமிரா முன் கேட்ட கேள்விகள் ஊரெல்லாம் பரவின. நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். லோகூர் குழு 1965இல் பரிந்துரைத்த பழங்குடித் தகுதி 2023 ஜனவரியில்தான் சட்டமாயிற்று. குடகர்களின் 1861ஆம் வருஷத்து விலக்கு மட்டும் தடங்கலில்லாமல் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.