ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், சாலையோரத்துக் கல்லைப் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து லண்டன் விமான நிலையத்துக்கு? ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர் என்கிறார்கள். ஆகாயத்தில் கல் நட்டவர் யார்?

அத்தூரம் அளந்ததன்று, கணக்கிட்டது. இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், உருண்டையின்மேல் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வில்லைக் கணிதம் காட்டிவிடும். ஆனால் விடை கோணமாகவே வரும்: சுமார் 74 பாகை. ஒரு பாகைக்குத் தரையில் எவ்வளவு நீளம் என்பதை யாரேனும் மண்ணில் நின்று அளந்தாக வேண்டும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை வந்தாலும் லண்டன் 82 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்!

நம் நாட்டில் அந்த வேலை 1802 ஏப்ரல் 10-இல் பரங்கிமலை அருகே தொடங்கியது. இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேதான். வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரியிடம் 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்று இருந்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகச் சென்று, ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளுமல்லவா? அதனால் சங்கிலியோடு வெப்பமானிகளையும் வைத்து, நீட்சியைக் கணக்கிட்டுக் கழித்தார். ஏழரை மைலை அளந்து முடிக்க மே 22 ஆகிவிட்டது.

பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கிடைத்துவிடும் என்பது உங்கள் பள்ளிப் பாடம். கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி இங்கிலாந்திலிருந்து வந்தது. வழியில் அதைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுபோயிற்று. போர்க்காலப் பகைமையிலும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். இப்பெருந்தன்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

முக்கோணங்கள் தெற்கே கடலூரை அடுத்த திருவந்திபுரம் வரை தொடர்ந்தன. திண்டிவனத்துக்கு வடக்கேயுள்ள கருங்குழியும் ஒரு நிலையம். வில்லின் இரு முனைகளிலும் விண்மீன்களை நோக்கி அட்சரேகை கண்டார்கள். இடைவெளி 1 பாகை 35 கலை. விழுப்புரம், திண்டிவனம் இரண்டின் அட்சரேகைகளும் இதற்குள் அடங்குபவை. லாம்ப்டன் கண்ட விடை, பாகைக்குச் சுமார் 110.6 கிலோமீட்டர். இந்த அட்சரேகைக்கு இன்றைய கணக்கும் அதுவே! துருவத்தருகே இது 111.7 ஆகும், பூமி அங்கே சற்றுத் தட்டையாக இருப்பதே காரணம்.

விமானிகளின் கடல் மைல், பாகையை அறுபதாகப் பிரித்த ஒரு கலையிலிருந்து பிறந்ததே: 1,852 மீட்டர். லண்டன் பயணத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் ஒன்பது மணி நேரம் வரும். மேற்கிலிருந்து வீசும் மேலடுக்குக் காற்று எதிர்ப்பதாலும், வழி வளைவதாலும் உண்மையில் பத்து மணிக்கு மேலாகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அட்சரேகை வித்தியாசம் 18 கலை. அதை நீங்களே கிலோமீட்டராக்கிப் பாருங்கள். சாலைக் கல் காட்டுவதைவிடக் குறைவாக வரும். திண்டிவனம் நேர் வடக்கில் இல்லை, வடகிழக்கில் இருக்கிறது.