வௌவால் குகையும் எங்கட ஜனாஸாக்களும்

"வௌவாலாலதானே கொரோனா வந்தது, சேர்? எங்கட பக்கத்துக் குகையிலயும் இருக்காமே?" பதுளையில் ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டது. நியாயமான கேள்விதான்.

கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் 'வவுல் கல்கே' என்றொரு குகை உண்டு. சிங்களத்தில் 'வவுலா' என்றால் வௌவால். பேர்லினின் றொபட் கொக் நிறுவனமும் இலங்கை விஞ்ஞானிகளும் 2018, 2019இல் அங்கு மாதிரிகள் எடுத்தனர். இரண்டு இன வௌவால்களில் கொரோனா வகை வைரசுகள் தென்பட்டன. அவை கோவிட்-19 வைரசு அல்ல.

வௌவாலில் வைரசு இருப்பது ஒன்று, அது மனிதரைத் தொற்றுவது வேறொன்று. பூட்டுக்குச் சாவி போல, வைரசின் மேற்புரதம் நமது உயிரணுவின் ஏற்பியோடு பொருந்த வேண்டும். பொருந்தி உள்ளே போனாலும் உயிருள்ள அணுவில் மட்டுமே அது பெருகும்.

இந்தப் பாடத்தை 2020இல் அதிகாரத்தில் இருந்தவர்கள் காதில் போட்டிருந்தால்! அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்றது உலக சுகாதார நிறுவனம். இங்கோ நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி ஜனாஸாக்களை எரித்தார்கள். 20 நாள் குழந்தையும் தப்பவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்த மையித்து திரும்பி வருமா?

பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: "வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதே, குகைக்குள் கல் எறியாதே. ஆராய்கிறவன் சொல்வதைக் கேள். பயத்தை வைத்து யாரையும் குற்றவாளியாக்காதே."