அரை டன் கருவியும் 249 கிராம் ட்ரோனும்



போன வாரம் நான் போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள், நடுவில் நம் ஊர் ஓட்டு வீடுகள், ஓரத்தில் கொஞ்சம் மூடுபனி. "சார், இது யார் எடுத்தது?" என்று. நான்தான் எடுத்தேன். சேலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் தன்னுடைய சின்ன ட்ரோனை என்னிடம் கொடுத்து, பத்து ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக் கொடுத்தான். கரும்பலகையில் கூட்டல் கழித்தல் நான் சொல்லிக் கொடுத்த பையன், "சார், இடது கையை மெதுவா, மெதுவா" என்று என்னை அதட்டினான். கைமாறு தீர்ந்தது.

நாமும் ஆரம்பிக்கலாமா, சட்டம் சம்மதிக்குமா, என்ன கற்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் பதில் வரலாற்றின் வழியாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நான் ஒரு கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஊரை உயரத்திலிருந்து பார்க்கும் ஆசை புதிதல்ல. ஆனால் அதற்குச் செலவு செய்தவர்கள் பெரும்பாலும் ஆசைக்காகச் செய்யவில்லை. நம் பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ என்று ராணுவ அதிகாரிகளே வரி வசூலுக்கு வந்தார்கள். வந்ததும் நிலத்தை அளக்கத் தொடங்கினார்கள். எவ்வளவு நிலம், யார் உழுகிறார், எவ்வளவு தீர்வை போடலாம் என்பதுதான் கேள்வி. பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்த ரயத்துவாரி முறைக்கு இந்த மண்ணில்தான் விதை விழுந்தது.

பத்து வருஷம் கழித்து, 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவையின் தொடக்கம் அது. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்கு வகுப்பில் படித்தீர்களே, அதேதான். கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் கருவியின் எடை சுமார் அரை டன். அதைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறினார்கள். மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களில் ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிப் போனது. லாம்டன் மனம் தளராமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார்.

போன மாதம் நான் ட்ரோனை முருங்கை மரத்தில் மோதவிட்டு இறக்கையை முறித்துக்கொண்டபோது லாம்டன் நினைவுதான் வந்தது. அவரிடம் இருந்தது அரை டன், என்னிடம் இருப்பது 249 கிராம். முறிந்த இறக்கையை மாற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

அடுத்து, மனிதன் தரையை விட்டே எழும்பிப் படம் எடுத்த கதை. 1858-ல் பாரிஸ் நகரத்துப் புகைப்படக்காரர் நாடார் (பிரெஞ்சுக்காரர்தான், நம்மூர்ப் பெயர் போல ஒலிக்கிறது) பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்று இல்லை. 1860-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த படம் இன்றும் இருக்கிறது. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தில் அழிந்தபோது, ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் வரிசையாகப் பட்டங்களைக் கட்டி, அவற்றில் கனமான கேமராவைத் தொங்கவிட்டு, எரிந்த ஊர் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்தார்.

எனக்குப் பிடித்தது ஜெர்மானிய மருந்துக்கடைக்காரர் யூலியஸ் நொய்பிரான்னர். மருந்து கொண்டு போக வளர்த்த புறாக்களின் மார்பில் குட்டிக் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். நேரம் வந்தால் கேமரா தானே படம் எடுத்துக்கொள்ளும். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். புறா எங்கே போகும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை, புறா கையில் இருந்தது.

நான்கு விசிறி வைத்துப் பறக்கும் யோசனையும் பழசுதான். 1907-ல் பிரான்சில் பிரெகே சகோதரர்கள் அப்படி ஓர் இயந்திரம் செய்தார்கள். மனிதனோடு சிறிது எழும்பியது, ஆனால் தரையில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு விசிறிகளின் வேகத்தை நொடிக்குப் பல நூறு முறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது கவிழாமல் நிற்கும். மனிதக் கையால் அது ஆகாது. நூறு வருஷம் கழித்து செல்போனுக்காகச் செய்த சின்னச் சாய்வு உணரிகளும், எடை குறைந்த லித்தியம் பேட்டரியும், ஜிபிஎஸ்ஸும் மலிவாகக் கிடைத்த பிறகுதான் விஷயம் கைகூடியது. 2010-ல் பிரான்சின் பேரட் நிறுவனமும், 2013-ல் சீனாவின் டிஜேஐ நிறுவனமும் சாதாரண மனிதன் பறக்கவிடக்கூடிய ட்ரோன்களைக் கொண்டுவந்தன.

தமிழ்நாடு இதில் பின்தங்கவில்லை. அப்துல் கலாம் விமானவியல் படித்த சென்னை குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்‌ஷா குழு ட்ரோன்களைச் செய்தது. நடிகர் அஜித்குமார் 2018-ல் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்றால் என் பேரன்களுக்கு உடனே புரிகிறது.

இனி சட்டம். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் ட்ரோன் விடுவதையே நிறுத்திவைத்தது. 2018 டிசம்பரில் கட்டுப்பாடுகளோடு திறந்துவிட்டது. இப்போது நமக்குப் பொருந்துவது 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள். சுருக்கமாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

250 கிராம் வரை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. நானோவுக்கும், தொழிலுக்கு அல்லாமல் விடும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ட்ரோனைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் இருக்கிறது. பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி இல்லாமல் விடலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பகுதியில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருப்பதால் கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்துவிட்டே எடுங்கள். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வெளிநாட்டில் இருக்கும் மருமகன்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. மாமாவுக்குப் பரிசு என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். பணம் அனுப்புங்கள், இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

நம் மலையில் ஆரம்பிப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில. திரையில் காட்டும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கு, கீழே இருக்கும் தரையிலிருந்து அல்ல. மேட்டுப் பக்கம் ஓட்டினால் திரையில் 30 மீட்டர் என்று காட்டும்போதே மரத்தில் போய் முட்டும். பள்ளத்துப் பக்கம் ஓட்டினால் தெரியாமலே 120-ஐத் தாண்டிவிடும். திரும்பி வரும் உயரத்தை சில்வர் ஓக் உச்சிக்கு மேலே இருக்கும்படி முதலிலேயே வைத்துவிடுங்கள். மூடுபனியில் எடுக்கவே கூடாது, ஈரம் மோட்டாருக்குள் போகும், கண்ணுக்கும் தெரியாது. பேட்டரி மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே திருப்பிவிடுங்கள், எதிர்க்காற்றில் வருவதற்கு அதிகம் செலவாகும். பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் கிட்டே போகாதீர்கள், கலைந்தால் கீழே இருப்பவர்களைக் கொட்டும். காப்புக் காட்டின் மேல் வனத்துறை அனுமதி இல்லாமல் விடாதீர்கள். காட்டுமாடு மிரண்டு ஓடினால் யார் வீட்டுக் காப்பிச்செடிக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

சட்டத்தில் எழுதாத ஒரு விதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அம்மா. சரிவில் இருக்கும் குக்கிராமத்தைச் சேர்ந்தவர், அவர் பையன் என்னிடம் படித்தவன். இரண்டாவது வாரம் நான் வீடுகளுக்கு மேலே ஆசையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேலேறி வந்தார்.

"ஏன் சார், மேல பறக்குதே, அதுல எங்க குளிக்கிற மறைப்பெல்லாம் தெரியுமா?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. நம் ஊரில் எத்தனை வீட்டில் குளியல் மறைப்புக்குக் கூரை இருக்கிறது? தட்டி பக்கவாட்டில் பார்ப்பவனுக்காகக் கட்டியது. மேலிருந்து பார்க்கும் ஆள் இதுவரை இந்த ஊரில் இருந்ததில்லை. எடுத்த படத்தை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினேன், அங்கேயே அழித்தேன். அதிலிருந்து யார் வீட்டுக்கு மேலும் கேட்காமல் விடுவதில்லை. ரீடும் மன்றோவும் அளந்தபோது இங்கே யாரும் அவர்களைக் கேட்டிருக்க முடியாது. என்னைக் கேட்டார்கள், அது நல்லதுதான்.

போகும்போது அந்த அம்மா திரும்பி நின்று சொன்னார்: "சார், எங்க ஊர்ப் பாதையை இதுல எடுத்துத் தர முடியுமா? ரோடு கேட்டு மனு குடுக்கறோம். காயிதத்துல எழுதினா யாருக்கும் விளங்கல."

அடுத்த ஞாயிறு, ஊர்க்காரர்கள் நான்கு பேரோடு காட்டு எல்லைக்கு இப்பால் மூன்று இடங்களில் நின்று, கண்பார்வைக்குள்ளேயே வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் குக்கிராமத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேர்கோட்டில் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. பாதை நேராகப் போகவில்லை. ஓடையை ஒட்டி இறங்கி, பாறையைச் சுற்றி, மறுபடி ஏறி, நாலு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் இன்னும் சுற்ற வேண்டுமாம்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வாசிக்கக் கிடைக்கும் என்று நம்புகிறேன். ஒன்பதரை மணிக்கு மேல் வந்தால் உங்களை வாசலில் நிறுத்தினேன். "பக்கத்து ஊர்தானே, எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். நனைந்த பாவாடையோடு நின்ற பிள்ளையிடம் நோட்டு நனைந்ததற்குக் கோபித்துக்கொண்டேன். நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. என் மேசைக்குப் பின்னால் தொங்கிய வரைபடத்தில் உங்கள் ஊர் ஒரு புள்ளிகூட இல்லை, பாதையும் இல்லை. நான் அந்த வரைபடத்தை நம்பினேன். அதைத் தெரிந்துகொள்ள ட்ரோன் தேவைப்பட்டிருக்கவே கூடாது. ஒரு நாள் சாயங்காலம் உங்களோடு வீடுவரை நடந்திருந்தால் போதும். இத்தனை வருஷ வேலையில் அதை நான் செய்யவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

மனுவோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

ட்ரோன் விட ஆசைப்படுகிறவர்கள் முதல் மாதம் கேமராவை மறந்துவிட்டு, திறந்த மைதானத்தில் ஏற்றவும் இறக்கவும் நிறுத்தவும் மட்டும் பழகுங்கள். அப்புறம் உங்கள் ஊரில் போய், மேலே ஏற்றுவதற்கு முன்னால் கீழே இருப்பவர்களைக் கேளுங்கள். எதை எடுக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். நம் தோட்டத்துக் காப்பி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
வாழவந்தி.