கர்நாடகப் பள்ளி நாட்காட்டி: பெங்களூரு தமிழ்க் குடும்பங்கள் ஆண்டைத் திட்டமிடுவது எப்படி?

பெங்களூரு: கர்நாடக அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள், இரண்டு நாட்காட்டிகளைப் பார்த்தே ஆண்டைத் திட்டமிட வேண்டியுள்ளது. பண்டிகைகளும் உறவினர் வீட்டு விசேஷங்களும் தமிழ்நாட்டு நாட்காட்டியின்படி அமைகின்றன. பள்ளியோ கர்நாடக நாட்காட்டியின்படி இயங்குகிறது. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்பதை அறியாமல் பயணச்சீட்டு எடுத்தால், பிள்ளையின் வகுப்பு நாட்கள் வீணாகின்றன. விடுமுறை திடீரென நீண்டால், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற சிக்கல் எழுகிறது.

கர்நாடகப் பள்ளி ஆண்டின் அமைப்பு, தமிழ்நாட்டு விடுமுறைகளுடன் அது ஒத்துப்போகும் இடங்கள், கவனிக்க வேண்டிய நாட்கள் ஆகியவற்றை 2025-26 கல்வியாண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்க்கலாம்.

ஆண்டின் அமைப்பு

கர்நாடகத்தில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் ஆண்டு இரண்டு பருவங்களைக் கொண்டது. 2025-26ஆம் கல்வியாண்டில் முதல் பருவம் மே 29 முதல் செப்டம்பர் 19 வரை என அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 7 வரை 18 நாட்கள் தசரா விடுமுறை. இரண்டாம் பருவம் அக்டோபர் 8 முதல் 2026 ஏப்ரல் 10 வரை. அதன்பின் ஏப்ரல் 11 முதல் மே 28 வரை 48 நாட்கள் கோடை விடுமுறை. சனிக்கிழமைகளில் காலை நேர வகுப்புகள் மட்டுமே நடப்பது வழக்கம்.

தமிழ்நாட்டில் உள்ளதுபோல் காலாண்டு, அரையாண்டு, கோடை என மூன்று விடுமுறைகள் இங்கு இல்லை. தசராவும் கோடையும் மட்டுமே நீண்ட விடுமுறைகள். ஊருக்குச் சென்று சில நாட்கள் தங்கும் பயணங்களை இவ்விரண்டுக்குள் அடக்குவதே பாதுகாப்பானது.

மத்திய வாரியமான சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு இந்த நாட்காட்டி அப்படியே பொருந்தாது. அவற்றின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை அரசுப் பள்ளியிலும் மற்றொரு பிள்ளை சிபிஎஸ்இ பள்ளியிலும் படித்தால், இரு பள்ளிகளின் பட்டியல்களையும் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

நகரும் தசரா விடுமுறை

தமிழ்நாட்டின் காலாண்டு விடுமுறை, தேர்வு முடிவதையொட்டி செப்டம்பர் இறுதியில் தொடங்குகிறது. கர்நாடகத்தின் தசரா விடுமுறை நவராத்திரியையொட்டி வருகிறது. நவராத்திரி சந்திர நாட்காட்டியின்படி கணக்கிடப்படுவதால், இந்த விடுமுறை ஆண்டுதோறும் இடம் மாறுகிறது.

2025இல் தமிழ்நாட்டுக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை இருந்தது. அந்த 9 நாட்களும் கர்நாடக விடுமுறைக்குள் அடங்கின. அதற்கு முந்தைய ஆண்டு நிலைமை வேறு. 2024இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 6 வரை விடுமுறை. கர்நாடகத்தில் அக்டோபர் 3 முதல் 20 வரை. இரு மாநிலப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கிடைத்தவை 4 நாட்கள் மட்டுமே.

2026இல் நவராத்திரி அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. எனவே, அந்த ஆண்டும் பொது நாட்கள் குறைவாகவே இருக்க வாய்ப்புள்ளது. காதணி விழா, புதுமனை புகுவிழா போன்றவற்றுக்கு நாள் குறிக்கும் குடும்பங்கள், முந்தைய ஆண்டுத் தேதியை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

பொங்கலும் அரையாண்டு விடுமுறையும்

பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் இடறலாக அமைவது டிசம்பர், ஜனவரி மாதங்களே. தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 24 முதல் 2026 ஜனவரி 4 வரை அரையாண்டு விடுமுறை. கர்நாடக அரசுப் பள்ளிகளுக்கு கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் மட்டுமே விடுமுறை.

பொங்கலும் அவ்வாறே. 2026 ஜனவரி 15, வியாழக்கிழமை, கர்நாடகத்தில் மகர சங்கராந்தி விடுமுறை. தமிழ்நாட்டில் அதைத் தொடர்ந்து வெள்ளிக்கிழமை திருவள்ளுவர் தினம், சனிக்கிழமை உழவர் திருநாள். காணும் பொங்கல் முடித்துத் திரும்பும் பெங்களூரு மாணவருக்கு வெள்ளிக்கிழமை முழு நாளும் சனிக்கிழமை அரை நாளும் விடுபட்டன. கணக்கில் இது ஒன்றரை நாள்தான். போகிக்கு முன்பே புறப்பட்டால் அது மூன்று, நான்கு நாட்களாகிறது. இரண்டாம் பருவத்தின் பாடங்கள் விரைவாக நடக்கும் காலம் என்பதால், இதை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிப்பது முறை.

தீபாவளியைப் பொறுத்தவரை தமிழர்கள் கொண்டாடும் நாளே கர்நாடகத்தில் நரக சதுர்த்தசி விடுமுறை. பலிபாட்யமிக்கும் தனியே விடுமுறை உண்டு. 2025இல் அக்டோபர் 20, 22 ஆகிய நாட்கள் விடுமுறையாகவும் இடைப்பட்ட 21 வேலைநாளாகவும் அமைந்தன.

கோடை விடுமுறை

ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டும் சித்திரை மாதத் திருவிழாக்களும் பெரும்பாலும் கர்நாடகக் கோடை விடுமுறைக்குள் வருகின்றன. ஆனால், தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்தில் தேர்வுகள் நடைபெறுவதால், அங்குள்ள பிள்ளைகள் அப்போது பள்ளிக்குச் சென்றுகொண்டிருப்பர். இரு மாநிலப் பிள்ளைகளும் ஒன்றுகூட உகந்த மாதம் மே. திரும்பும் நாளில் கவனம் தேவை: 2025இல் கர்நாடகப் பள்ளிகள் மே 29 அன்று திறக்கப்பட்டன, தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூன் 2 அன்றுதான் திறக்கப்பட்டன. உறவினர் வீட்டில் விடுமுறை தொடர்கிறது என்பதால் அங்கேயே தங்கிவிடும் பிள்ளைகள், புதிய வகுப்பின் முதல் நாட்களை இழக்க நேர்கிறது.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பயண நாள் இதில் சேராது. இதன்படி, 2026 ஏப்ரல் 11 பயணத்துக்கு பிப்ரவரி 10 அன்றும், மே 27 அன்று திரும்புவதற்கு மார்ச் 28 அன்றும் முன்பதிவு தொடங்கும். போகும் சீட்டை எடுத்துவிட்டு, திரும்பும் சீட்டை மறந்துவிடக் கூடாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால்

2023-24 கல்வியாண்டில் கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் முறை அறிமுகமானது. 2025இல் முதல் தேர்வு மார்ச் 21 முதல் ஏப்ரல் 4 வரை நடைபெற்றது. மே 2 அன்று முடிவு வெளியானது. இரண்டாம் தேர்வு மே 26 அன்று தொடங்கியது. தேர்ச்சி பெறாதவர்களும் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோரும் அதை எழுதலாம். எனவே, இவ்வீடுகளில் முடிவு வெளியாகும் வரை மே மாதப் பயணத்தை உறுதிசெய்யாமல் இருப்பது நலம். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவை என்பதால், பண்டிகைக்காலச் சிறு விடுப்புகளையும் ஆண்டு முழுவதற்குமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நாட்காட்டி மாறும்போது

அறிவிக்கப்பட்ட நாட்காட்டி மாறாது என்று எண்ண முடியாது. 2025இல் தசரா விடுமுறை முடிந்து அக்டோபர் 8 அன்று பள்ளிகள் திறக்கவிருந்த நிலையில், அதற்கு முந்தைய நாள் முதல்வர் சித்தராமையா புதிய அறிவிப்பை வெளியிட்டார். சமூக, கல்விக் கணக்கெடுப்புப் பணியில் ஆசிரியர்கள் ஈடுபட்டிருந்ததால், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அக்டோபர் 18 வரை விடுமுறை நீட்டிக்கப்பட்டது. 18 நாள் விடுமுறை 29 நாட்களானது. இழந்த நாட்களைக் கூடுதல் வகுப்புகள் மூலம் ஈடுசெய்வதாகவும் தெரிவிக்கப்பட்டது.

முன்கூட்டியே திறக்கப்பட்டதும் உண்டு. கரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்வதற்காக 2022இல் பள்ளிகள் மே 16 அன்றே திறக்கப்பட்டன. இவை தவிர, மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் ஒரு நாள் விடுமுறைகளும் உள்ளன. காவிரி நீர்ப் பிரச்சினை தொடர்பான முழு அடைப்பின்போது, 2023 செப்டம்பர் 26 அன்று பெங்களூருவில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது.

இவ்வாறு விடுபடும் நாட்கள் பின்னர் சனிக்கிழமை முழுநேர வகுப்புகளாகவோ கூடுதல் நேர வகுப்புகளாகவோ திரும்பி வரக்கூடும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாட்களும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலைநாட்களும் குறைந்தபட்சம் நடைபெற வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

மதிய உணவும் பராமரிப்பும்

கட்டடப் பணி, வீட்டு வேலை, ஆயத்த ஆடை ஆலை எனத் தினக்கூலியை நம்பியுள்ள குடும்பங்களுக்கு, விடுமுறை நீள்வது செலவும் கூட. கர்நாடகத்தில் 1 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மதிய உணவும் பாலும் வழங்கப்படுகின்றன. பள்ளி மூடியிருக்கும் நாட்களில் ஒரு வேளை உணவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வீட்டின் பொறுப்பாகின்றன. இத்தகைய வீடுகள் ஊரிலுள்ள தாத்தா, பாட்டியை வரவழைப்பதையோ, அண்டை வீட்டாருடன் முறைவைத்துப் பார்த்துக்கொள்வதையோ விடுமுறையின் முதல் வாரத்துடன் நிறுத்தாமல், பள்ளி திறக்கும் நாளுக்குப் பின்னும் சில நாட்களுக்குப் பேசிவைப்பது உதவும்.

மாநிலம் மாறுவோருக்கு

தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர 5 வயது நிறைவடைந்திருந்தால் போதும். கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று 6 வயது நிறைவடைந்திருக்க வேண்டும் என்பது விதி. 2025-26 கல்வியாண்டுக்கு மட்டும் 5 ஆண்டு 5 மாதம் எனத் தளர்த்தப்பட்டது. பணி மாறுதலில் பெங்களூரு வரும் குடும்பங்கள், வீடு பார்க்கும் முன்பே பிள்ளையின் பிறந்த தேதியை இந்த விதியுடன் ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

கல்வியாண்டு தொடங்கும்போது பள்ளியில் வழங்கப்படும் வேலைநாட்கள் பட்டியலைப் பெற்று, தமிழ்நாட்டுப் பட்டியலுடன் அருகருகே வைத்துக் குறித்துக்கொள்ளலாம். நீண்ட பயணங்களைத் தசராவிலும் மே மாதத்திலும் வைக்கலாம். பள்ளி திறப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே பெங்களூரு திரும்பலாம். விடுமுறை நீட்டிப்பு, திடீர் விடுமுறை குறித்துப் பரவும் செய்திகளை, வகுப்பாசிரியர் அல்லது வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாயிலாக உறுதிசெய்த பின்னரே பயணத்தை மாற்ற வேண்டும்.