டம்டமுக்குப் புறப்பட்டவனின் மூட்டை

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு சரித்திர நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று. பல்லவர்களையும் பாண்டியர்களையும் பற்றி எழுத நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் 1857-ஆம் வருஷத்தை எடுத்துக்கொண்டேன். கதாநாயகன் அயோத்திச் சீமையைச் சேர்ந்த ஒரு பிராமணச் சிப்பாய். கும்பினியாரின் வங்காளப் பட்டாளத்தில் அவனுக்கு உத்தியோகம். புதிதாக வந்த என்பீல்டு துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடப் பழகி வரும்படி, கல்கத்தாவுக்கு அருகில் இருக்கும் டம்டமுக்கு அவனை அனுப்புகிறார்கள். அவன் மூட்டை கட்டுவதில் முதல் அத்தியாயம் தொடங்குகிறது.

ஒரு மனிதனை வாசகருக்கு அறிமுகம் செய்து வைக்க அவன் மூட்டையை அவிழ்த்துக் காட்டுவதைப் போல் சுலபமான வழி வேறு இல்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜாபிதா எழுதத் தொடங்கினேன். லோட்டா ஒன்று. கிணற்றில் நீர் இறைக்கக் கயிறு. மாற்று வேஷ்டி. சமையல் பாத்திரம். கொஞ்சம் மாவு, பருப்பு, உப்பு. காப்பி கொண்டுவந்த என் மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் பிரயாணம்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்றாள். போகிறவன் நானில்லை என்று அவளைச் சமாதானம் செய்ய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இதெல்லாம் அவன் வீட்டுப் பொருள். சிப்பாய் பகலில் சிவப்புச் சட்டையும் வெள்ளை வார்களுமாக நிற்பான். பொழுது சாய்ந்ததும் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, வேஷ்டியுடன் தன் அடுப்பில் தானே சமைத்துச் சாப்பிடுவான். இது அந்நாளைய பட்டாளத்து வழக்கம். ஆனால் துப்பாக்கி சுடப் போகிறவனுக்கு இன்னொரு பையும் உண்டு. அது சர்க்கார் கொடுத்த கறுப்புத் தோல் பை. அதில் தோட்டாக்கள் இருக்கும். தனியாக ஒரு சின்னப் பையில், நம் குழந்தைகள் தீபாவளிக்கு வெடிக்கிறார்களே, அந்தக் கேப்பைப் போன்ற செப்புக் கேப்புகள் இருக்கும். அடிவிசை கேப்பின்மேல் விழுந்தால்தான் பொறி பிறந்து மருந்து பற்றும். துப்பாக்கியைத் துடைக்கத் துணியும் உண்டு. இவ்வளவும் எழுதினேன். 'தோட்டா' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எழுதியாக வேண்டுமே! அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல்தான் வட இந்தியாவே பற்றி எரிந்தது.

தோட்டா என்றதும் இக்காலத்துப் பித்தளைத் தோட்டாவை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு காகிதச் சுருள். ஒரு பக்கம் வெடிமருந்து. மறுபக்கம் ஈயக் குண்டு. சிப்பாய் சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பான்; மருந்தைக் குழாயின் வாயில் கொட்டுவான்; பிறகு குண்டை உள்ளே விட்டுக் கம்பியால் இடிப்பான். ஒரு கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்குப் பல்லைவிட வசதியான கருவி ஏது? பழைய பிரௌன் பெஸ் துப்பாக்கியின் தோட்டாவையும் இப்படித்தான் கடித்தார்கள். அப்பனும் பாட்டனும் கடித்த காகிதம். அதைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

என்பீல்டு விஷயம் வேறு. அதன் குழாயின் உட்புறத்தில் மூன்று சுருள் பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டு பம்பரம் போல் சுழன்றுகொண்டே வெளியே பாயும். அதனால் நேராகப் போகும். பழைய துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் யாரைச் சுடும் என்று அதற்கே தெரியாது. என்பீல்டிலோ 900 கஜம் வரை குறி பார்க்க அளவு போட்டிருந்தார்கள். ஆனால் சுடச் சுட மருந்துக் கரி உள்ளே படிந்துவிடும். குண்டு இறங்க மறுக்கும். வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காகச் சுருளின் குண்டுப் பக்கத்தில் கொழுப்புத் தடவினார்கள்.

எந்தக் கொழுப்பு? கல்கத்தாக் கோட்டையின் ஆயுதசாலையில் மெழுகோடு சேர்த்துக் காய்ச்சுவதற்காக மிருகக் கொழுப்பைக் காண்டிராக்டில் வாங்கினார்கள். இன்ன மிருகத்தின் கொழுப்பு என்று காண்டிராக்டில் எழுதவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. பசுவென்றால் இந்து தொடமாட்டான். பன்றியென்றால் முஸ்லிம் தொடமாட்டான். இரண்டு மதத்தாரும் ஒரே வரிசையில் நிற்கும் பட்டாளத்தில் இதைவிடப் பெரிய அஜாக்கிரதை இருக்க முடியுமா?

எச்சரிப்பார் இல்லாமலும் போகவில்லை. 1853-ஆம் வருஷம் டிசம்பர் மாதமே கர்னல் டக்கர் என்ற உயர்ந்த ராணுவ அதிகாரி, கொழுப்பு எதுவென்று நிச்சயமாகத் தெரியாமல் இந்தத் தோட்டாக்களைச் சுதேசிப் பட்டாளங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். காகிதம் காகிதத்தோடு சேர்ந்தது. இதில் இன்னொரு வேடிக்கை. நம் நாட்டு வெயிலுக்குக் கொழுப்பு உருகுகிறதா என்று பார்ப்பதற்காக, கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் காவல் நின்ற சிப்பாய்களின் பையிலேயே இந்தத் தோட்டாக்களைப் போட்டுப் பல மாதம் சுமக்க வைத்தார்கள். அவர்களும் சுமந்தார்கள். இடுப்பில் தொங்குவது வேறு, வாயில் படுவது வேறு அல்லவா?

என் கதாநாயகனை டம்டமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். (சுட்டால் உடலுக்குள் விரியும் கொடிய 'டம்டம் குண்டு' பிறந்ததும் இதே ஊரில்தான்; ஆனால் அது நாற்பது வருஷம் கழித்து நடந்த கதை.) அங்கே 1857 ஜனவரியில் ஒரு சம்பவம் நடக்கிறது. கேப்டன் ரைட் என்ற அதிகாரி அதை ஜனவரி 22-ஆம் தேதி எழுதி அனுப்பியிருக்கிறார். ஆயுதசாலையில் வேலை செய்யும் கலாசி ஒருவன், தாழ்ந்தவர்கள் என்று தள்ளி வைக்கப்பட்ட ஜாதிக்காரன், ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவனுடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டான். நீ தொட்டால் என் லோட்டா தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுத்துவிட்டான். கலாசி சளைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைத் துரைமார் உன்னைக் கடிக்க வைக்கப் போகிறார்கள், அப்போது உன் ஜாதி எங்கே இருக்கும் என்று கேட்டுவிட்டான்.

சரித்திரக்காரர்கள் இந்த இடத்தில் கொழுப்பைப் பற்றி எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அந்த மனிதனுக்குத் தாகம் எடுத்தது, தண்ணீர் கேட்டான், கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் என் கதாநாயகன். நான் ஜாபிதாவில் முதல் பொருளாக, அவ்வளவு ஆசையோடு எழுதி வைத்தேனே அந்த லோட்டா, அதுதான் குற்றவாளி. இவனுடைய கஷ்டத்துக்கு வாசகர்களைக் கண்ணீர் விடச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே பல நாள் கடத்தினேன்.

ஆனாலும் டம்டம் சிப்பாய்களுக்கு நியாயம் செய்யவேண்டும். செய்தி பரவியதும் அதிகாரி அவர்களை அணிவகுத்து நிறுத்தி, குறை இருந்தால் சொல்லலாம் என்றார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்னே வந்தார்கள். சுதேசி அதிகாரிகள் அத்தனை பேரும் அவர்களில் இருந்தார்கள். கூச்சல் இல்லை, மிரட்டல் இல்லை. மரியாதையாக ஒரு யோசனை சொன்னார்கள்: கொழுப்புக்குப் பதிலாக மெழுகும் எண்ணெயும் தடவலாமே? இதைவிடச் சாதாரணமான விண்ணப்பத்தை எந்தச் சர்க்காரும் கேட்டிருக்காது. சர்க்காரும் மறுக்கவில்லை. ஜனவரி மாதம் முடிவதற்குள், சிப்பாய்களே கடைத்தெருவில் வேண்டியதை வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று உத்தரவாகிவிட்டது. இன்னும் சொல்லப் போனால், கொழுப்புத் தடவிய தோட்டாவை டம்டம் சிப்பாய்கள் அதுவரை சுட்டதே இல்லை. பாடம் அந்தக் கட்டத்துக்கே வந்திருக்கவில்லை.

பின் ஏன் நிற்கவில்லை? உத்தரவு கொழுப்பைத்தான் மாற்றியது. சந்தேகம் அதற்குள் காகிதத்துக்குத் தாவிவிட்டது. புதிய காகிதம் வழவழப்பாக, விறைப்பாக இருந்தது. பிப்ரவரி 6-ஆம் தேதி பாரக்பூரில் விசாரணை வைத்தபோது, அதைக் கொளுத்தினால் கொழுப்பு நாற்றம் அடிக்கிறது என்று சிப்பாய்கள் சொன்னார்கள். மாதக் கடைசியில், 26-ஆம் தேதி, பெர்ஹாம்பூரில் 19-ஆவது பட்டாளம் கேப்புகளை வாங்க மறுத்தது. கேப்பை வாங்கினால் மறுநாள் காலை தோட்டாவையும் வாங்கவேண்டி வரும் அல்லவா? அவர்களுக்குக் கொடுக்கவிருந்ததோ பழைய காலத்துத் தோட்டா. மார்ச் மாதத்தில், இனிப் பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று கவாத்தையே மாற்றினார்கள். அதுவும் எடுபடவில்லை. கையால் கிழிக்கச் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே செய்கிறது என்று நினைத்தார்கள். 29-ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினான். ஏப்ரல் 8-ஆம் தேதி தூக்கு மேடை ஏறினான்.

முந்தைய வருஷம்தான் கும்பினியார் அயோத்தி ராஜ்யத்தை விழுங்கியிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வங்காளப் பட்டாளத்துச் சிப்பாய்களில் மிகப் பலருக்கு அதுதான் சொந்த ஊர். ராஜ்யத்தை எடுத்தவன் தோட்டாவில் மட்டும் நேர்மையாக இருப்பானா என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? கும்பினியாருக்கு இது முதல் பாடமும் அல்ல. நம்முடைய வேலூரில் 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் நடந்தது என்ன? புதிய தலைப்பாகை, அதில் தோலால் ஆன அலங்காரம், நெற்றியில் ஜாதி அடையாளம் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு. அப்போது தலையில் வைத்ததை 51 வருஷம் கழித்து வாயில் வைத்தார்கள்.

டம்டமைத் தவிர அம்பாலாவிலும் சியால்கோட்டிலும் இதே போன்ற பயிற்சிக் கூடங்கள் இருந்தன. அம்பாலாவில் நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த சிப்பாய்கள், பிரதம சேனாபதியின் பரிவாரத்தோடு வந்த தங்கள் சொந்தப் பட்டாளத்தாரைப் பார்க்கப் போனார்கள். ஊர்க்காரர்கள், உறவினர்கள். அவர்களோ, "நீங்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டீர்கள்" என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பயிற்சி அதிகாரி கேப்டன் மார்ட்டினோவிடம் வந்து அவர்கள் அழுதார்கள். மார்ச் 23-ஆம் தேதி சேனாபதி ஆன்சன் தாமே நேரில் பேசினார். அவர் சொன்னதை நாங்கள் நம்புகிறோம், ஆனால் ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டார்களே என்பதுதான் அவர்கள் சொன்ன பதிலின் சாரம். வீட்டில் பெண் கொடுக்கமாட்டார்கள், பந்தியில் இடம் கொடுக்கமாட்டார்கள் என்ற பயத்தை எந்தச் சேனாபதி தீர்த்து வைப்பார்? ஏப்ரல் நடுவில் அவர்கள் தாங்களே நெய்யும் தேன்மெழுகும் தடவிய தோட்டாவைக் கொண்டு சுட்டுப் பழகினார்கள். இரவில் பாளையத்துக் கூரைகள் எரிந்தன. கொளுத்தியவர்கள் அகப்படவில்லை.

டம்டமில் தண்ணீர் மறுத்தவனுக்கு அம்பாலாவில் பந்தி மறுக்கப்பட்டது என்று நாவலில் எழுதியிருந்தால் வாசகர்கள் ரசித்திருப்பார்கள். ஆனால் இருவரும் வேறு வேறு ஆட்கள், ஊரும் வேறு. மறுத்தவர்கள் மறுத்துக்கொண்டே பிழைத்ததும் உண்டு. நான் அந்த அத்தியாயத்தை எழுதவில்லை.

ஏப்ரல் 24-ஆம் தேதி மீரத்தில் 3-ஆவது குதிரைப் படையைச் சேர்ந்த 90 பேரைக் கவாத்துக்கு நிறுத்தினார்கள். 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9-ஆம் தேதி, மற்றப் பட்டாளங்கள் பார்க்க, அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, 10-ஆம் தேதி மாலை, மீரத் எரிந்தது. அந்த 85 பேருக்கும் நீட்டியவை என்பீல்டு தோட்டாக்கள் அல்ல. பல வருஷமாக அவர்கள் கையில் புழங்கிய பழைய மாதிரித் தோட்டாக்கள்தான். குண்டுகூட இல்லாதவை.

1866-இல் பிரிட்டிஷ் சேனைக்கு ஸ்னைடர் துப்பாக்கி வந்தது. தோட்டாவைப் பின்புறமாக முழுசாக உள்ளே வைத்து மூடிவிடலாம். கடிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். என் நோட்டுப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஜாபிதாவில் 'தோட்டா' என்பதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.