புதுப்பானையும் பொதுப்பந்தியும்



தைப்பொங்கலன்று கோயில் திடலில் வரிசையாக அடுப்புக் கூட்டி, வீட்டுக்கொரு பானை வைத்துப் பொங்கி, பின்னர் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதை நாம் அறிவோம். “பொங்கல் உழவர் திருநாளாயிற்றே, வயலே இல்லாத பால்மரக் காட்டில் அதற்கென்ன வேலை?” என்று சிலர் கேட்பதுண்டு. படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். இதற்கு விடையை ஏட்டில் தேட வேண்டியதில்லை. அடுப்பின் மேல் இருக்கும் பானையைப் பார்த்தாலே போதும்.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. அதற்குள் இலட்சக்கணக்கான தமிழர் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களில் உழவர் மட்டுமல்லர், பல கைத்தொழில் அறிந்தவர்களும் இருந்தனர். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர் தலைமுறை தலைமுறையாகப் பானை வனைந்து வருகின்றனர். பொங்கலுக்குப் பானை, தீபாவளிக்கு அகல்விளக்கு, அம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி என்று ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வேலை உண்டு.

பானை செய்வது எளிதன்று. களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். சக்கரத்தில் முதலில் உருவாவது வாயும் கழுத்துந்தான். அடி திறந்தே இருக்கும். சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். அந்த உருண்டை அடி முழுவதும் கை வேலையே. பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவர். வனைந்தவர் தமிழர், மண்ணோ சிலாங்கூர் மண். இந்தப் பானையை அயல்நாட்டுப் பானை என்று யார் சொல்ல முடியும்?

தமிழன் பானை நமக்கும் முன்னரே கடல் கடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு வடக்கே, தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பூ காவ் தோங் என்னுமிடத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. இச்செய்தி 2006-இல் வெளியாயிற்று. ஓட்டின் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவனின் முடிவு. எழுத்துகள் மூன்று நான்குதாம். ஆயினும் ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழமை!

மலாய்க்காரருக்கும் மண்கலப் பெருமை உண்டு. பேராக்கில் கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் உள்ளது சாயோங். அவ்வூரார் செய்யும் சுரைக்காய் வடிவக் கரிய கூஜாவே லாபு சாயோங். சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைப்பதால் அந்தக் கருமை ஏறுகிறது. அதில் ஊற்றிய நீர் குளிர்ந்திருக்கும்.

இனி அரிசிக்கு வருவோம். மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து 1970 முதல் இருபோகம் விளையும்வரை, கெடாவில் மழையை நம்பி ஆண்டுக்கு ஒருபோகமே விளைந்தது. அறுவடை ஆண்டின் தொடக்க மாதங்களில் நடந்தது. நம் தை மாதமும் அதையொட்டியே வருகிறது அல்லவா?

பந்தியில் பொங்கலோடு லயத்துப் பின்கட்டில் விளைந்த பறங்கிக்காயும் கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இடம்பெறும். மரவள்ளியை மட்டும் முதியவர் சிலர் தொடமாட்டார்கள். காரணம் உண்டு. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசிக்குப் பஞ்சம், மரவள்ளியே சோறு. தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதவர் ஏராளம். அக்காலத்தைக் கண்ட குடும்பங்களில், பானை பொங்கி வழியும்போது “பொங்கலோ பொங்கல்” என்று கூவும் பாட்டிமார் கண்கலங்குவதுண்டு.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; பந்தி தமிழ்ப்பள்ளித் திடலுக்கு மாறியிருக்கிறது. எவர்சில்வர் பானையும் வந்துவிட்டது. அது உடையாது, உண்மைதான். ஆனால் அதை வாங்குவதால் குயவர் சூளை எரியாது.

மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்றால் நன்கு வெந்தது. ‘பொத்’தென்றால் விரிசல் இருக்கும். அடுப்பில் ஏற்றுமுன் ஓர் இரவு அரிசி கழுநீர் ஊற்றி வையுங்கள். பொங்கல் முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள்; மீன்குழம்புக்கு அதைவிட நல்ல சட்டி கிடையாது.