பதிவேட்டில் ஒரு கட்டம்: கஞ்சா மருத்துவமும் சட்டமும், 1839 முதல் 2020 வரை

கல்கத்தாவில், பிறந்து நாற்பது நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு கண்டது. வழக்கமான சிகிச்சைகள் பலிக்கவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓ'ஷானசி, சாராயத்தில் கரைத்த கஞ்சாச் சாற்றைத் துளித் துளியாகக் குழந்தைக்குக் கொடுக்கத் தொடங்கினார். வலிப்பு தணிந்தது, மீண்டும் வந்தது, அளவு கூட்டப்பட்டது, மறுபடியும் தணிந்தது. உடல் மருந்துக்குப் பழகப் பழக, தொடக்க அளவைப் போலப் பன்மடங்கு தேவைப்பட்டது. இறுதியில் குழந்தை பிழைத்து நல்ல உடல்நலத்தோடு வளர்ந்தது. கஞ்சாவின் மருத்துவப் பயன்கள் குறித்து 1839இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, இக்குழந்தையின் நிகழ்வை நாள்வாரியாகப் பதிவுசெய்கிறது. வலிப்பை அடக்கும் மருந்தொன்று மருத்துவத் துறைக்குக் கிடைத்துவிட்டது என்பது அவர் கண்ட முடிபு.

ஒற்றை நோயாளியின் கதை சான்றாகாது என்பதை இன்றைய மாணவர் எவரும் சொல்லிவிடுவர். குழந்தைகளின் வலிப்பு தானாகவே நின்றுபோவதும் உண்டு. ஆயினும் ஓ'ஷானசி சென்ற வழி கவனிக்கத்தக்கது. அவர் நேரே நோயாளிகளிடம் போகவில்லை. முதலில் வடமொழி, அரபு, பாரசீக மருத்துவ நூல்கள் கஞ்சாவைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்தார். அவர்களுள் ஒருவர் மதுசூதன் குப்தா; 1836இல் அதே கல்லூரியில் மனித உடலை அறுத்து ஆராய்ந்து வங்காளத்தைத் திகைக்க வைத்தவர். நூலறிவுக்குப் பிறகு விலங்குகள்: நாய், பூனை, ஆடு, மீன், கழுகு எனப் பலவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஊன் உண்பவை மயங்கின. புல் மேய்வன பெரிதும் பாதிக்கப்படவில்லை. அதன் பின்னரே மூட்டுவாதம், காலரா, இரணஜன்னி, வெறிநாய்க்கடி ஆகியவற்றால் வருந்திய மனிதர்கள். தோல்விகளையும் அவர் மறைக்கவில்லை. மூட்டுவாத நோயாளி ஒருவரின் கைகால்கள் வைத்த நிலையிலேயே அசையாமல் நின்றதை எழுதினார். அளவைக் குறைத்துத் தொடங்குமாறு எச்சரித்தார். வெறிநாய்க்கடி நோயாளி இறந்தார். ஆனால் தண்ணீரைக் கண்டாலே துடித்தவரால் இறுதி நாட்களில் சிறிது விழுங்க முடிந்தது. சாவைத் தடுக்காவிட்டாலும் சாவின் கொடுமையைக் குறைத்தது என்பதற்கு மேல் அவர் எதையும் கோரவில்லை.

(இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவர் என்றே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. நரம்பு வழியே உப்புநீர் செலுத்தும் சிகிச்சைக்கு அடிப்படையான காலரா ஆய்வை அவர் செய்தது இருபதுகளின் தொடக்கத்தில். ஒருவர் ஒரு வாழ்நாளில் இவ்வளவு செய்வது மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குச் சற்று அநியாயமே.)

விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது அவர் கஞ்சாவையும் உடன் கொண்டுபோனார். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயர் அதிலிருந்து சாறு தயாரித்து விற்றார். அடுத்த அரை நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கடைகளின் அலமாரிகளில் கஞ்சா டிங்சர் சாதாரணப் பொருளாயிற்று. விக்டோரியா அரசியின் அரண்மனை மருத்துவர்களுள் ஒருவரான ரஸ்ஸல் ரெனால்ட்ஸ், முப்பதாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1890இல் லான்செட் இதழில் எழுதினார். அரசியே அதை உட்கொண்டார் என்று அடிக்கடி சொல்லப்படும் கதைக்கு ஆவணச் சான்று இல்லை.

மருந்தாகக் கஞ்சா பின்தங்கியதற்குச் சட்டத்தை மட்டும் குறைகூறுவது சரியன்று. ஒரு புட்டியின் வீரியம் மற்றொன்றில் இல்லை. ஒரே மருந்து ஒருவரை மயக்கியது, மற்றொருவரைத் தொடவேயில்லை. நீரில் கரையாததால் ஊசி மூலம் செலுத்த இயலவில்லை. மார்ஃபின் ஊசி, ஆஸ்பிரின், பார்பிட்யூரேட் என அளவு உறுதியான மருந்துகள் வந்ததும் மருத்துவர்கள் அவற்றின் பக்கம் சாய்ந்தனர். கஞ்சாவினுள் செயற்படும் பொருள் எது என்று தெரியாதவரை இச்சிக்கல் தீர வழியில்லை. அதைக் கண்டறியும் ஆய்வு நடந்திருக்க வேண்டிய பத்தாண்டுகளில்தான் சட்டம் குறுக்கிட்டது. அது எந்தச் சான்றின் பேரில் குறுக்கிட்டது என்பதே இங்குக் கேள்வி.

1893 மார்ச்சில், மதுவிலக்கு ஆதரவாளரான டபிள்யூ. எஸ். கெயின் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வங்காளத்துக் கஞ்சா விற்பனை குறித்துக் கேள்வி எழுப்பினார். கஞ்சா பித்தேற்றுகிறது, இந்தியாவின் மனநோய்க் காப்பகங்கள் கஞ்சாக் குடியர்களால் நிரம்பியுள்ளன, அதை விற்று அரசு வரி வாங்குகிறது என்பன அக்காலத்தில் பரவலாக ஒலித்த குற்றச்சாட்டுகள். அதன் விளைவாக அமைந்ததே இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம். டபிள்யூ. மேக்வர்த் யங் தலைமையில் எழுவர். அவர்களுள் மூவர் இந்தியர். 1893 ஆகஸ்டில் கல்கத்தாவில் கூடி, மாகாணம் மாகாணமாகச் சென்று, 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894 ஆகஸ்டில் சிம்லாவில் பணியை முடித்தனர்.

ஆணையத்தின் அறிக்கையில் மிக நுட்பமான பகுதி காப்பகங்களைப் பற்றியது. ஆண்டுதோறும் வெளியான புள்ளிவிவரங்கள் கஞ்சாவையே பித்துக்கு முதன்மைக் காரணமாகக் காட்டி வந்தன. அந்த எண்கள் எங்கிருந்து பிறந்தன என்று ஆணையம் தேடிப் போயிற்று. தெருவில் திரிந்தவரைக் காவலர் பிடித்து வருவார். அவருடன் ஒரு படிவம் அனுப்பப்படும். அதில் நோய்க்குக் காரணம் என்றொரு கட்டம். பிடிபட்டவரின் ஊரும் உறவும் தெரியாத காவலருக்கு அக்கட்டத்தைக் காலியாக விடும் உரிமை இல்லை. அவர் கஞ்சா குடிப்பவர் என்று யாரேனும் சொன்னால் போதும், அது காரணமாக எழுதப்பட்டது. காப்பக மருத்துவர் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார், பதிவேட்டிலிருந்து அது ஆண்டறிக்கைக்குச் சென்றது, ஆண்டறிக்கையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு. பயணத்தின் முடிவில் அது அறிவியலாயிற்று.

ஆணையம் 1892ஆம் ஆண்டுச் சேர்க்கைகள் 1,344ஐயும் எடுத்துக்கொண்டது. அவற்றுள் 222 கஞ்சாவால் நேர்ந்தவை எனப் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றையும் உள்ளூர் அதிகாரிகளைக் கொண்டு மறுபடி விசாரித்தது. குடும்பத்தாரையும் அண்டை வீட்டாரையும் கேட்டது. கஞ்சாவுக்கு முன்பே நோய் தொடங்கியவர்களும், குடும்ப வழியில் நோய் வந்தவர்களும், கஞ்சாவைத் தொட்டதே இல்லாதவர்களும் அப்பட்டியலில் இருந்தனர். கழித்தவை போக 98 எஞ்சின. அவற்றிலும் 37இல் வேறு காரணங்களும் கலந்திருந்தன. கஞ்சா மட்டுமே காரணமாக இருக்கலாம் என்று கொள்ளத்தக்கவை 61. மிதமான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, மிகையான பயன்பாடு தீங்கானது, முற்றான தடை தேவையுமில்லை பொருத்தமுமில்லை, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துக என்பது ஆணையத்தின் பரிந்துரை.

இவ்வறிக்கையைத் தூய அறிவின் வெற்றியாகக் கொண்டாடுவோர் இரண்டை மறந்துவிடுகின்றனர். ஒன்று, கஞ்சா வரி அரசுக்கு வருவாய்; தடை வேண்டாம் என்ற முடிவு கருவூலத்துக்கும் இனித்தது. மற்றொன்று, இந்திய உறுப்பினர் மூவருள் இருவர், தாஹிர்பூர் ராஜா சசிசேகரேஸ்வர் ராயும் லாலா நிஹால் சந்தும், பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினர். ஆயினும் அந்த 222 பேரின் மறுவிசாரணை எவருடைய வருவாயையும் சார்ந்து நிற்கவில்லை. ஒரு புள்ளிவிவரம் எப்படி உற்பத்தியாகிறது என்பதைக் காலனிய அரசின் குழுவொன்றே பிரித்துக் காட்டியது, அந்த நூற்றாண்டில் அரிதான நிகழ்வு.

முப்பதாண்டுகளுக்குப் பின் அதே வகைப் புள்ளிவிவரம் வேறு நகரத்திலிருந்து வந்தது. கெய்ரோவின் அப்பாசியா மனநோய்க் காப்பகத்தின் தலைவர் ஜான் வார்னாக், ஹஷீஷால் வரும் பித்து பற்றி 1903இல் கட்டுரை எழுதியிருந்தார். 1924இல் ஜெனீவாவில் அபின் மாநாடு கூடியபோது கஞ்சா அதன் நிகழ்ச்சிநிரலிலேயே இல்லை. எகிப்தின் பேராளர் முகமது எல் கிண்டி அதைச் சேர்க்குமாறு வலியுறுத்தினார். தம் நாட்டுப் பித்து நோயாளிகளில் 30 முதல் 60 விழுக்காட்டினர் ஹஷீஷால் அந்நிலைக்கு ஆளானவர்கள் என்றார். பருத்திக்கும் கடனுக்கும் பிரிட்டனின் பிடியில் கிடந்த ஒரு நாட்டின் குரலாக அவரது பேச்சில் நியாயமும் இருந்தது: ஐரோப்பாவை அச்சுறுத்தும் அபினுக்கு ஒப்பந்தம் உண்டு, எங்களை அச்சுறுத்தும் பொருளுக்கு ஏன் இல்லை? ஆனால் அந்த விழுக்காட்டை, கல்கத்தாவில் 222 பெயர்களைச் சலித்ததுபோல, சலித்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை.

1925 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தால் ஒரு முரண் புலப்படும். கஞ்சாப் பிசினுக்கு விதிக்கப்பட்டது பெரும்பாலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. இந்தியாவின் கஞ்சாக் கடைகள் தொடர்ந்து திறந்திருந்தன. உள்நாட்டு உற்பத்தி, விற்பனை, இருப்பு எல்லாவற்றுக்கும் கடுமையான கண்காணிப்பு விதிக்கப்பட்டவை கஞ்சாவின் சாறும் டிங்சரும். அதாவது, ஓ'ஷானசி மருந்துக் கடைக்குக் கொண்டுவந்த வடிவங்கள். தொடர்ந்து 1932இல் பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பிலிருந்து கஞ்சா நீங்கியது. 1937இல் அமெரிக்கா வரிச் சட்டத்தின் வழியே அதை முடக்கியது. மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்ட் தெரிவித்த எதிர்ப்பு எடுபடவில்லை.

1961ஆம் ஆண்டின் ஒற்றை ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினுடன் நான்காம் அட்டவணையில் வைத்தது. பாரம்பரியப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் தந்தது. இலையும் விதையும், பூந்தலை சேராதவரை, கஞ்சா ஆகா என்று வரையறுத்தது. 1985இல் இந்தியா இயற்றிய போதைப்பொருள் சட்டம் இவ்வரையறையை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவேதான் வட மாநிலங்களில் பாங் உரிமம் பெற்ற கடையில் விற்கப்படுகிறது. அதே செடியின் பூவை 20 கிலோவுக்கு மேல் வைத்திருப்பவருக்கு குறைந்தது 10 ஆண்டு சிறை. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் அவ்வழியே செல்ல விரும்பும் ஆய்வாளர் மாநில அரசின் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

கஞ்சாவினுள் செயற்படுவது எது என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்தது இஸ்ரேலில். லெபனானிலிருந்து கடத்தி வரப்பட்டுக் காவல்துறை பறிமுதல் செய்த ஐந்து கிலோ ஹஷீஷைக் கேட்டு வாங்கி, ரஃபேல் மெஷூலம் தம் குழுவினருடன் 1963இல் கன்னாபிடையாலின் அமைப்பையும், 1964இல் மயக்கம் தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலின் அமைப்பையும் கண்டறிந்தார். போதை தருவது ஒன்று, தராதது மற்றொன்று. 1992இல் மூளை தானே சுரக்கும் ஒத்த பொருளைக் கண்டபோது அக்குழு அதற்கு 'ஆனந்த' என்ற வடசொல்லைக் கொண்டு ஆனந்தமைடு என்று பெயரிட்டது.

1980இல் பிரேசிலின் எலிசால்டோ கார்லினி, மெஷூலம் ஆகியோரின் கூட்டாய்வு வெளியாயிற்று. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகளுள் எட்டுப் பேருக்குக் கன்னாபிடையால். நால்வர் ஏறக்குறைய வலிப்பின்றி இருந்தனர், மூவருக்கு ஓரளவு குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் நலம் கண்டவர் ஒருவரே. சிறிய ஆய்வுதான், பெரிய ஆய்வைக் கோரும் ஆய்வு. அந்தப் பெரிய ஆய்வு வர 37 ஆண்டுகள் ஆயின. டிராவே நோய்க்குறி என்னும் கடும் வலிப்புடைய 120 இளம் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான சோதனையில், கன்னாபிடையால் பெற்றவர்களின் மாதாந்திர வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9 ஆயிற்று, மற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1. உறக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதிகள் உயர்தல் ஆகிய பக்கவிளைவுகளும் பதிவாயின. 2018 ஜூனில் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. கல்கத்தாக் குழந்தையின் நோய் இதுவா என்று எவராலும் சொல்ல இயலாது. அன்று கொடுத்த சாற்றில் கன்னாபிடையால் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியாது. ஆயினும் 1980க்கும் 2017க்கும் இடையில் வளர்ந்து பெரியவர்களான வலிப்பு நோய்க் குழந்தைகளின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, கஞ்சாவை நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25, நடுநிலை 1. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. முதல் அட்டவணையில் கஞ்சா இன்றும் தொடர்கிறது. இந்தியச் சட்டத்தின் வரையறையும் 1985இல் எழுதியபடியே உள்ளது.

ஆணையத்தின் தொகுதிகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. இரண்டாம் தொகுதி முழுவதும் காப்பக விசாரணைக்கே ஒதுக்கப்பட்டது. காவலர் எழுதிய காரணம் ஒருபுறமும், பின்னர் ஊருக்குப் போய்க் கேட்டவர்கள் கண்டறிந்தது மறுபுறமுமாக, ஒவ்வொரு நோயாளியும் அதில் தனித்தனியே இருக்கிறார்.